ஆடே இல்லாத குழாயில் மஞ்சள்

கறிக்கடை பூட்டியிருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் சில நாள்தான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. தெருவெல்லாம் ராத்திரி மழையின் ஈரம். ஐஸ் போட்ட எவர்சில்வர் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பூட்டை முறைத்தபடி நான் நின்றேன்.

பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாய் இன்னிக்கு வர மாட்டாரும்மா. வேலூர்ல மச்சான் வூட்டுக் கல்யாணம். ஊர்ல பாதிப் பேரு மாலை போட்டுக்கினு கீறாங்க, கறி எவன் வாங்கறான்? நீங்க ஒருத்தர் தான் வந்து நிக்கறீங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! எவனோ ஒரு மச்சான் கல்யாணம் செய்துகொள்வதற்கு என் ஒரு நாள் வேலையா பலி? எனக்கு ஆட்டுக் கிட்னி வேண்டும். சமைக்க இல்லை. அரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்க்க.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு அம்மா, "ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று சொல்கிறீர்களே தவிர, என்ன ஆராய்ச்சி என்று சொல்லவே மாட்டேன் என்கிறீர்களே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கடை பூட்டிக் கிடக்கிறது, நேரம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

வெட்டுகிற ஆசாமி

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அப்பா நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுவார். ஒரு மழைக்காலத்தில் யூரியா மூட்டை ஒன்று கொட்டகை ஓரத்தில் ஒழுகி, மாட்டுச் சாணி மண்ணோடு கலந்துவிட்டது. ஓரிரு நாளில் அங்கே போய் நிற்க முடியவில்லை. மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு நெடி. மூட்டைக்குள் இருக்கும்போது அந்த யூரியாவுக்கு வாசனையே கிடையாது. மண்ணில் பட்டதும் எங்கிருந்து வந்தது இந்த நாற்றம்? அப்பாவைக் கேட்டேன். "வீணாப் போச்சுனு நானே எரிச்சல்ல கீறேன், போடி அந்தாண்ட" என்றார்.

பதில் கல்லூரிக்குப் போன பிறகுதான் கிடைத்தது. கார்பனும் நைட்ரஜனும் கைகோத்துக்கொண்டு நிற்கிற ஒரு வகைப் பொருளுக்கு அமைடு என்று பெயர். யூரியாவும் அந்தச் சாதிதான். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களிடம் ஒரு நொதி உண்டு. அது அந்தக் கையைப் பிரித்து விடும். பிரிந்ததும் நைட்ரஜன் பக்கம் அம்மோனியாவாகி ஓடும். மூக்கில் குத்துவது அதுதான்.

இதே மாதிரி வெட்டுகிற ஆசாமிகள் நம் உடம்புக்குள்ளும் இருக்கிறார்கள். சிறுநீரகத்தில் ஒருவர் இருக்கிறார். குளூட்டமின் என்கிற அமைடை வெட்டி அம்மோனியா எடுப்பார். உடம்பில் அமிலம் ஜாஸ்தியானால் அவருக்கும் வேலை ஜாஸ்தி. வெளிநாடுகளில் முயலையும் பன்றியையும் வைத்து ஏற்கெனவே நிறையப் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்டில் யாரும் பார்த்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. சரி, நாம் பார்ப்போம் என்று எழுபதுகளின் கடைசியில் இறங்கினோம்.

அளப்பது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. பாதரசம் கலந்த ஒரு திரவம் இருக்கிறது. அம்மோனியா இருந்தால் அது மஞ்சளாகும். நிறைய இருந்தால் அடர்ந்த மஞ்சள். ஆக, குழாயில் மஞ்சள் ஏற ஏற, நொதி நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க, கிட்னிச் சாறு ஊற்றாத வெறுங்குழாய் ஒன்றும் கூடவே வைப்போம். அதில் மஞ்சள் வரக் கூடாது. வந்தால் எங்கேயோ கோளாறு.

அவ்வளவுதான் ஆராய்ச்சி. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதற்குத்தான் என் இளமையில் பாதி போயிற்று.

கறிக் குழாய், சுத்தக் குழாய்

ஊருக்குள் இருந்த ஒரு தனியார் கல்லூரியின் பழைய கட்டடத்தில், மாடியில் இரண்டு அறைகள். ஆய்வுப் பட்டத்துக்கான பதிவு எல்லாம் சென்னையில். அரைப்பது மட்டும் இங்கே. நிறத்தின் அடர்த்தியை முள்ளால் காட்டுகிற கலரிமீட்டர் ஒன்று இருந்தது. கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அதன் முள்ளுக்கு நடுக்கம் வந்துவிடும். ஐஸ் கட்டியைச் சோடாக் கடையிலிருந்து மரத்தூளும் கோணியும் சுற்றி எடுத்து வருவோம்.

என் வழிகாட்டி சுந்தரேசன் சார். நல்ல மனிதர். மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார், ஒரு வரியை எழுதிவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நானோ நெருப்பு மேல் நிற்பவள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டவன் யாரோ, அவனைச் சொல்ல வேண்டும்.

அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் பத்மா. பரிசோதனைக்கூட உதவியாளர். என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஆனாலும் வாடி போடிதான். கணவர் வீட்டார் தேரடி வீதிப் பக்கம் சைவ மெஸ் நடத்தினார்கள். முட்டைகூட அந்த வாசல்படி ஏறாது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பத்மா சாரிடம் சொல்லிவிட்டாள்: "சார், நான் எல்லா வேலையும் செய்யறேன். ஆனா கறி ஊத்துன குழாய மட்டும் தொட மாட்டேன். எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாங்க."

சாரும் சைவம்தான். உடனே புரிந்துகொண்டார். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் அது சட்டமாகிவிட்டது. கிட்னி ஊற்றுகிற குழாய்கள் என்னுடையவை. நானே கழுவி, பின்பக்க ஜன்னல் கட்டையில் வெயிலுக்குக் கிடத்திக் காயவைப்பேன். வெறுங்குழாய்கள் பத்மாவுடையவை. அவள் தனித் தொட்டியில் கழுவி, முன்னறை அலமாரியில் வெள்ளைத் துணி போட்டு மூடி வைப்பாள். கறிக் குழாய், சுத்தக் குழாய். பூஜைச் சாமான் மாதிரி ஒரு கட்டுப்பாடு. பார்க்கிறவர்கள் எல்லாம், "அடேயப்பா, என்ன சுத்தம்! வெறுங்குழாயை இப்படிக் காப்பாற்றுகிறவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். சார் மலையைப் பார்த்துப் புன்னகை செய்வார்.

முறைப்படி இன்னொரு குழாயும் வைத்திருக்க வேண்டும். கிட்னிச் சாறு ஊற்றி, அமைடு ஊற்றாமல். முதலில் கொஞ்ச காலம் வைத்தோம். அதில் மஞ்சள் கிட்டத்தட்ட இல்லை என்று தெரிந்தது. பாதரசத் திரவம் செய்கிற மருந்து மெட்ராஸிலிருந்து வருவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்பதால், "இனிமே அது வேணாம்மா, வெறுங்குழாய் ஒண்ணு போதும்" என்று சார் நிறுத்தச் சொன்னார். எனக்கும் ஒரு வேலை கம்மி. சரி என்று விட்டாயிற்று.

கார்த்திகை ஏற்றம்

முதல் வருடம் கார்த்திகையில் மஞ்சள் ஏறியது. சித்திரையில் இருந்ததைப் போல இரண்டு பங்கு. கை தவறியிருக்கும் என்று விட்டோம். மார்கழி பாதியில் இறங்கிவிட்டது. அடுத்த வருடம் கார்த்திகையில் மறுபடியும் ஏறியது. மறுபடியும் இறங்கியது.

சார் அன்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

"மல்லிகா, இது சாதாரண விஷயம் இல்லம்மா. மழை பெய்யுது. புதுப் புல் முளைக்குது. ஆடு பச்சையா மேயுது. உடம்புல அமிலக் கணக்கு மாறுது. சிறுநீரகம் அதுக்கு ஈடு கொடுக்க நொதியைக் கூட்டுது. பருவத்துக்கு ஏத்த மாதிரி கூடிக் குறையற நொதி! யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. பம்பாயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சாரோடு படித்தவர் பெரிய பதவியில் இருந்தார். இதைக் கேட்டதும் அவர் சொல்லி அனுப்பிவிட்டார்: மூன்றாவது கார்த்திகையும் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, கட்டுரையை அனுப்புங்கள். கட்டுரை வந்ததும் அந்தப் பெண்ணைப் பொங்கலுக்குள் இங்கே வந்து சேரச் சொல்லுங்கள், இடம் இருக்கிறது.

பம்பாய்! அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவள் நான். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் இந்த ஊருக்கு வந்து, செங்கம் ரோட்டு ஆசிரமப் பக்கத்தில் ரூம் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்கிறார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் கால் அரிக்கும். ஒரு தடவை நானும் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள், "நீ மூச்சு விடுவதே சண்டை போடுவது போல இருக்கிறது" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டும். பெரிய கூடம் வேண்டும், நடுங்காத முள் வேண்டும், அவசரமாக நடக்கிற மனிதர்கள் வேண்டும். போவதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு டிக்கெட்: அந்தக் கார்த்திகை ஏற்றம்.

மூன்றாவது கார்த்திகை பிறந்தது. மஞ்சள் ஏறியது. கட்டுரையை டைப் அடித்து வாங்கி வருவதற்குச் சார் மெட்ராஸ் போனார். அவர் ஊரில் இல்லாத நாளில்தான் கறிக்கடை பூட்டியிருந்தது.

சும்மா இருந்திருந்தால்

தூக்குவாளியில் வெறும் ஐஸோடு கூடத்துக்குத் திரும்பினேன். பத்மா சிரித்தாள்.

"கிடைக்கலையா? நல்லது. இன்னிக்கு ஒரு நாளாச்சும் உக்காந்து வெத்தலை போடு."

உட்கார்ந்தேன். எழுந்தேன். அலமாரியைத் துடைத்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். வேறொருத்தியாக இருந்தால் அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாள், பம்பாய்க்கும் போயிருப்பாள். எனக்குக் கை சும்மா இருக்காதே. பாதரசத் திரவம் புதிதாகக் கலக்கி வைத்திருந்தேன், அதையாவது சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்று, ஜன்னல் கட்டையில் காய்ந்துகொண்டிருந்த என் குழாய்களை எடுத்து வந்தேன். கிட்னி இல்லை, அமைடு இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினேன். அதன் மேல் திரவத்தை ஊற்றினேன்.

எல்லாக் குழாயும் மஞ்சளாயிற்று.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதே கார்த்திகை மஞ்சள். ஆடே இல்லை. ஆட்டின் வால் மயிர்கூட இல்லை. நொதி எங்கிருந்து வரும்?

"திரவம் கெட்டுப் போச்சுடி" என்றேன்.

"இப்ப தானே கலக்குன?" என்றாள் பத்மா.

அவளுடைய சுத்தக் குழாய் ஒன்றை வாங்கி, அதே தண்ணீர், அதே திரவம் ஊற்றினேன். தெளிவாக நின்றது. இன்னொன்று வாங்கினேன். அதுவும் தெளிவு. திரவத்தில் கோளாறு இல்லை. தண்ணீரில் கோளாறு இல்லை. கோளாறு என் குழாய்களில்.

குழாய்களை எடுத்த ஜன்னலுக்கே திரும்பப் போனேன். கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கீழேயிருந்து ஒரு வெள்ளைப் புகை குப்பென்று எழுந்து முகத்தில் அடித்தது. தும்மினேன். இன்னொரு தடவை தும்மினேன். மூன்றாவது தும்மல் பாதியில் நின்றுவிட்டது.

புகை

கீழே பின்சந்தில் தாஜுதீன் பாய் ஈயம் பூசிக்கொண்டிருந்தார்.

தீபம் வருகிறதென்றால் ஊரிலுள்ள சத்திரங்களும் மடங்களும் கூட்டத்துக்குச் சோறு போட அண்டா, தவலை எல்லாவற்றையும் வெளியே எடுக்கும். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்திருந்தால் புளிக்குழம்பு கெட்டுப்போகும். அதனால் கார்த்திகை பிறந்ததும் எங்கள் பின்சந்து முழுக்க அண்டாக்கள் வந்து குவியும். மற்ற மாதங்களில் பாய் கிராமம் கிராமமாகப் போய்விடுவார். இந்த ஒரு மாதம்தான் இங்கே உலை.

பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தைத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். உள்பக்கம் நிலா மாதிரி வெளுத்து வரும். கூடவே அந்த வெள்ளைப் புகை. மூன்று வருடமாக அந்தப் புகையில் தும்மியிருக்கிறோம். கார்த்திகை என்றால் மழை, சளி, பாய் புகை என்று எங்களுக்குப் பழகிவிட்டது. எங்கள் கூடமே அம்மோனியா நாற்றம் பிடித்தது, இதில் வெளியிலிருந்து வருவதை யார் கவனித்தார்கள்?

நவச்சாரம் என்றால் அம்மோனியம் குளோரைடு. டியூஷன் பிள்ளைகளுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஈரத்தோடு ஜன்னல் கட்டையில் படுத்திருந்த என் குழாய்கள் அந்தப் புகையைக் குடித்திருக்கின்றன. பத்மாவின் குழாய்கள் அலமாரிக்குள் துணிக்கடியில் பத்திரமாக இருந்திருக்கின்றன. கோளாறைக் காட்டிக்கொடுக்க வேண்டிய குழாயை நாங்களே கோளாறு அண்டாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறோம். அமைடு ஊற்றாத அந்த இன்னொரு குழாயை நிறுத்தாமல் இருந்திருந்தால், அது என் குழாய்தானே, முதல் கார்த்திகையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். புல்லும் இல்லை, பருவமும் இல்லை. கார்த்திகையில் ஏறியது ஆட்டின் நொதி இல்லை, பாயின் புகை.

படி இறங்கி ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பாயின் முன்னால் போய் நின்று கத்தினேன்.

"பாய், இந்த உலையை வேற எங்கனா வைக்கக் கூடாதா?"

அவர் பஞ்சை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா இது, இத்தினி வருஷம் சொல்லாம இன்னிக்கு வந்து சொல்றீங்க? உங்க காலேஜ் வர்றதுக்கு முன்னாடி எங்க வாப்பா இதே எடத்துல தான் உலை வச்சாரு. புகை ஜாஸ்தினா ஜன்னல சாத்திக்கோங்க."

ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம்! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? மேலே ஏறி வந்தேன்.

பத்மா யோசித்தாள்

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குள் ஒரு குரல், தெரியாத மாதிரி இருந்துவிடு என்றது. கட்டுரை டைப் ஆகிவிட்டது. கறிக்கடை திறந்திருந்தால் உனக்கு இது தெரிந்தே இருக்காது. பாயைத் திட்டியது போல அந்தக் குரலையும் திட்டினேன். ஆனால் அது வாய் மூடவில்லை. வீட்டில் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் கடை திறந்தது. கிட்னி வாங்கி வந்து அரைத்தேன். இப்போது செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்றே ஒன்று. அந்தக் கிட்னிச் சாற்றைப் புகை படாத குழாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். புகை படாத குழாய் பத்மாவிடம் மட்டும்தான் இருந்தது. என் குழாய்களைக் கழுவி உள்ளே காயவைத்துச் செய்தால், நான் சரியாகக் கழுவவில்லை என்று நாளைக்குச் சாரே சொல்லலாம். யாரும் வாய் திறக்க முடியாதபடி இருக்க வேண்டுமானால் அந்தச் சுத்தக் குழாய்தான் வேண்டும்.

கேட்டேன். பத்மா அலமாரிக் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "மூணு வருஷமா இந்த மடியாலதான்டி நாம ஏமாந்து நிக்கிறோம். இன்னும் உனக்குத் தீட்டா? நாலு குழாய். அப்புறம் தூக்கிக் குப்பையில போடு. நான் புதுசு வாங்கித் தரேன்."

"கறிக்காகனு நினைச்சியா?" என்றாள் அவள். "இதுல ஊத்தி மஞ்சள் ஏறலைனு வை. நீ பம்பாய் போவ முடியாது. அதத் தான் யோசிக்கிறேன். ஊத்தாம விட்டா யாருக்கும் தெரியாதில்ல?"

என்னோடு பஸ்ஸில் வந்த குரலையே அவளும் சொல்கிறாள். ஆனால் அவள் எனக்காகச் சொல்கிறாள்.

"எனக்குத் தெரியுமேடி" என்றேன்.

பத்மா வெள்ளைத் துணியை விலக்கிக் குழாய்களை எடுத்து வைத்தாள். நான் கிட்னிச் சாற்றை எடுக்கப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஊற்றினாள். ஒரு துளி விரலில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"உன் கை இன்னிக்கு நிதானத்துல இல்ல. நீ ஊத்தினா தப்பாப் போயிடும்" என்றாள்.

காத்திருந்தோம். திரவத்தை விட்டோம். கலரிமீட்டரின் முள் சித்திரையில் எங்கே நின்றதோ அங்கேயே வந்து நின்றது. ஏற்றமே இல்லை. நொதி இருந்தது, வெட்டியது, எல்லா மாதத்தையும் போல இந்த மாதமும் வெட்டியது. அவ்வளவுதான்.

பத்மா ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழ வேண்டியவள் நான், அவள் அழுதாள்.

சாரின் மேசை

மத்தியானம் சார் வந்து சேர்ந்தார். கையில் பழுப்பு உறை. உள்ளே கட்டுரை. முகமெல்லாம் சந்தோஷம். மெட்ராஸ் பஸ் நெரிசலில் உறை கசங்காமல் மார்போடு அணைத்து எடுத்து வந்தாராம்.

சொன்னேன். ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். கடை பூட்டியதிலிருந்து முள் நின்றது வரைக்கும். சார் மலையைப் பார்த்தார். மேகம் அதை மறைத்திருந்தது.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார் கடைசியில்.

"நம்ம மூணு பேருக்கு தான் சார்."

உறையை மேசைமேல் வைத்து நீவினார். "ஒரு நாள் பரிசோதனைதானம்மா இது. மூணு வருஷ வேலைய ஒரு நாள் வேலை அடிச்சிடுமா? இத அனுப்பிடலாம். நீ பம்பாய் போய்ச் சேரு. அங்க நல்ல வசதி இருக்கு, நீயே திருப்பிச் செஞ்சு பாரு. தப்புனா அப்ப ஒரு திருத்தம் எழுதிட்டாப் போச்சு."

நான் ஏன் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை? பம்பாய் அந்த மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அவர் இன்னொரு தடவை சொன்னால் தலையாட்டியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பத்மா வாசலில் நின்றிருந்தாள். சாருக்கு எதிரில் அவள் உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சார், இன்னிக்கு அந்தக் குழாய்ல கறி ஊத்தினது நான். என் கையால ஊத்தினேன். வீட்ல மறைச்சுப் பேச எனக்கு வராது. இப்ப போய் எங்க அத்தை கிட்ட சொல்லிடுவேன். எதுக்குடி தொட்டேனு கேப்பாங்க. உண்மை தெரியணும்னு தொட்டேனு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க அத அனுப்பிட்டீங்கன்னா, எதுக்குத் தொட்டேனு சொல்லட்டும்?"

சார் அவளைப் பார்த்தார். பிறகு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே கிழிச்சிடும்மா. எனக்கு மனசு வராது."

கிழித்தேன். நல்ல தடிமனான காகிதம், சுலபத்தில் கிழியவில்லை.

பம்பாய் இடத்தில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள் என்று பொங்கல் கழித்துச் சார் சொன்னார். நான் பம்பாய் போகவே இல்லை. பருவம் மாறினாலும் மாறாத நொதி என்று எழுதி ஆய்வை முடிக்க இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அதைப் படித்தவர்களில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை

கட்டுரையைக் கிழித்த அன்று பத்மா அழுத முகத்தோடு வீட்டுக்குப் போனாள். இனி வர மாட்டாள் என்றே நான் முடிவு செய்துவிட்டேன். பம்பாயும் போயிற்று, இவளும் போனாள். காலையில் கூடத்துக்கு வந்து ஒரு வேலையும் ஓடாமல் அறைக்கும் படிக்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். தாமதமாக வந்தாள். ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தது.

"மாமியார் என்னடி சொன்னாங்க?" பாய்ந்து போய்க் கேட்டேன்.

"தலைக்கு ஊத்திக்கினு வந்து சாப்புடுனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? ரசம் ஊத்தினாங்க."

"வேலைக்குப் போவாதேனு சொல்லல?"

"சொல்லல." பத்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில நர்ஸுங்க ரத்தத்தையே தொடறாங்க, வீட்டுக்கு வந்தா குளிச்சிட்டுச் சோறு துன்றாங்க, இதுல இன்னாடி கீதுனு கேட்டாங்க. இன்னிக்கும் காலையில ஊத்திக்கினு போ, சாயங்காலம் வந்து ஊத்திக்கோ, நீ உன் வேலையப் பாருனாங்க."

"அப்ப வேலைக்குச் சேரும்போது வீட்ல ஒத்துக்க மாட்டாங்கனு சொன்னியே?"

"நான் கேக்கவே இல்லடி. கேட்டு வேணாம்னுட்டாங்கன்னா அதுக்கு மேல பேச முடியாதில்ல? அந்த பயத்துல கேக்கவே இல்ல. நானே தொட மாட்டேனுட்டேன்."

மூன்று வருடம். இரண்டு தொட்டி, தனி அலமாரி, வெள்ளைத் துணி. என் பம்பாய். எல்லாம் யாரும் போடாத ஒரு தடைக்காக. சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே அவளை அடிக்கலாம் போலிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி, பாவி!" என்று கத்தினேன்.

பத்மா தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள்.

"நீ கேட்டிருக்கலாமே? மூணு வருஷமா தினம் மத்தியானம் எங்க மெஸ்ல தானே சாப்புடற? எங்க அத்தை தானே உனக்கு எலை போடறாங்க?"